சில்லிற் பொறித்த குறி: மோட்டார் சைக்கிளின் எரிபற்றல் நேரம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தொழில்நுட்ப வரலாறு எழுதப் புகுவோர் நீராவி இயந்திரம், புகையிரதம் எனப் பெரும் பொருள்களையே நாடுதல் வழக்கம். மோட்டார் சைக்கிளின் பறப்புச்சில்லில் வெட்டப்பட்ட ஒரு சிறு கோட்டுக்கும் வரலாறு உண்டு. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று, திருக்கோவில் வழியே வினாயகபுரம் நோக்கிச் செல்லும் வீதியோரத்துக் கராஜ்களில் அக்கோடு நாள்தோறும் படிக்கப்படுகின்றது.

1885இல் ஜேர்மனியில் டைம்லரும் மைபாக்கும் அமைத்த இருசில்லு வண்டிக்கு அத்தகைய குறி தேவைப்படவில்லை. சுவாலையாற் சூடாக்கப்பட்ட குழாயொன்று உருளையினுள் அமுக்கப்பட்ட கலவையைப் பற்றவைத்தது; பற்றும் கணத்தை நுணுக்கமாக வகுக்க அதில் வழியில்லை. பின்னர் மின்பொறி வந்தது. 1902இல் பொஷ் நிறுவனத்தின் ஹொனோல்ட் உயரழுத்த மக்னீற்றோவை உருவாக்கினார். பொறியெழும் கணத்தை முற்படுத்தவும் பிற்படுத்தவும் கைபிடியில் ஒரு நெம்பு அமைந்தது. ஓட்டுநரின் செவியே அதற்கு அளவுகோல்.

கணம் இத்துணை முக்கியமாவது ஏன்? கலவை முழுவதும் எரிய நேரம் பிடிக்கும். ஆதலின் முசலம் எனப்படும் பிஸ்டன் உச்சியை அடையுமுன்பே பொறி எழவேண்டும். நிமிடத்துக்கு 3000 முறை சுழலும் இயந்திரத்தில் உச்சிக்கு 15 பாகை முன்னர் என்பது, ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைந்த இடைவெளி. இதனைச் செவி எங்ஙனம் அளக்கும்?

1955இல் சென்னையில் தோன்றிய என்பீல்ட் இந்தியா நிறுவனத்தின் புல்லட் வண்டி பழைய ஆங்கில மரபைப் பேணியது. முசலம் உச்சிக்கு ஏறத்தாழ 0.8 மில்லிமீற்றர் கீழே நிற்கையிற் பொயின்ற் திறக்கவேண்டும். பொயின்ற் இடையே சிகரெட் தாளொன்றைச் செருகி மெல்ல இழுப்பர். தாள் விடுபடும் இடமே திறக்கும் இடம். இவ்வறிவு குருவின் கையிலிருந்து சீடனின் கைக்கே சென்றது. அதனைச் சிலர் கைராசி என்றனர்.

ஜப்பானிய வண்டிகள் அவ்வறிவைச் சில்லிலேயே எழுதிவைத்தன. ஹொண்டாவின் சில்லில் 'ரி' எனும் ஆங்கில எழுத்து உச்சியையும், 'எவ்' பொறியெழும் நிலையையும், அவற்றுக்கு அப்பாலுள்ள இரு கோடுகள் வேகத்தில் முற்படும் எல்லையையும் குறித்தன. 1977இன் பின் இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர, இவ்வண்டிகள் பெருகின. ஆங்கிலம் பயிலாத இளைஞனும் இவ்விரு எழுத்துக்களை அறிந்தாற் போதும், இயந்திரத்தைச் சீர்செய்யலாம் என்ற நிலை தோன்றிற்று.

குறி வந்ததால் திறமை அழிந்தது என்பாரின் கூற்றை யான் ஏற்கேன். நான்கடி இயந்திரத்தில் ஒரு வட்டத்துக்குச் சில்லு இருமுறை சுழலும். ஆகவே 'ரி' இருமுறை மேலே வரும். ஒன்று அமுக்க அடியின் முடிவு, மற்றையது வெளியேற்ற அடியின் முடிவு. எது எதுவென எழுத்துச் சொல்லாது. பின்னையதில் நிறுத்தி வால்வு இடைவெளி வைப்பவன் பிழையான அளவையே பெறுவான். இரு வால்வுகளின் கைகளும் தளர்ந்து ஆடுகின்றனவா எனத் தொட்டுப் பார்ப்பவனே குறியைப் படித்தவனாவான். (எழுத்தறிவுக்கும் வாசிப்புக்கும் உள்ள வேறுபாட்டை மாணவருக்கு விளக்க இதனினும் எளிய உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.)

சீ.டி.ஐ. எனும் மின்னணு முறை பரவியதும் பொயின்ற் ஒழிந்தது. 'எவ்' திருத்துவதற்கன்றிச் சரிபார்ப்பதற்கு மட்டுமே உரியதாயிற்று. 2020 ஏப்ரலில் இந்தியாவிற் புதிய புகை விதிகள் நடைமுறைக்கு வந்தபின், எரிபொருள் உட்செலுத்தும் வண்டிகள் அங்கு பெருகின. அவற்றிற் சில்லின் பற்களை ஓர் உணரி எண்ணுகின்றது. இயந்திரம் தன் குறியைத் தானே படித்துக்கொள்கின்றது.

இலங்கையிலோ அதே 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 வரை அத்தடை நீடித்தது. புதியன வாராமையாற் பழையவற்றின் ஆயுளை நீட்டவேண்டியதாயிற்று. தேய்ந்த கேம் சங்கிலியை மாற்றும்போது, சில்லின் 'ரி'யையும் மேலுள்ள பற்சில்லின் புள்ளியையும் ஒருங்கே நிறுத்தும் வேலை இன்றும் மனிதக் கண்ணுக்கே உரியது. ஒரு பல் தவறினால் இயந்திரம் வலுவிழக்கும். பல பற்கள் தவறினால் வால்வு முசலத்தில் மோதி வளையவுங்கூடும்.