நாலு குளிசையில் அடங்காத நோய்

மருதனார்மடம் சந்தைக்கு மரக்கறி வாங்கப் போன ஒரு மாலை, அருகிலிருந்த மருந்துக்கடையில் எனக்கு முன்னால் நின்ற தம்பி குரலைத் தாழ்த்தி, "அண்ணை, சலம் போகேக்க எரியுது. நாலு குளிசை தாங்கோ" என்றான். வைத்தியரின் துண்டு இல்லை. கடைக்காரரும் எதுவும் கேட்கவில்லை. சிப்ரோபுளொக்சசின் கைமாறியது. பின்னால் ஆட்கள் நின்றதால் நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

அந்த எரிவு சாதாரண சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம், வெட்டை நோய் எனப்படும் கொணோரியாவாகவும் இருக்கலாம். கொணோரியா என்றால் அந்தக் குளிசையை நம்ப முடியாது. பென்சிலின், டெட்ராசைக்கிளின், சிப்ரோ என ஒவ்வொன்றுக்கும் அந்தக் கிருமி பழகிவிட்டது. சிப்ரோ வகை மருந்துகளை இதற்குக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016 இலேயே சொல்லிவிட்டது. இப்போது முதன்மையாக நம்பியிருப்பது செப்ட்ரியக்சோன் ஊசியைத்தான். கூடவே கிளமிடியா இருப்பதும் உண்டு. அதற்கு டொக்சிசைக்கிளின் 100 மி.கி., நாளுக்கு இரு தடவை, 7 நாட்கள். கர்ப்பிணிகளுக்கு வேறு மருந்து. மூன்றாம் நாள் எரிவு நின்றாலும் மிச்சத்தையும் விழுங்கியே ஆக வேண்டும். பொருளாதாரத் தடைக்காலத்தில் கிடைத்த குளிசையைப் பாதி பாவித்து, பாதியைப் பொத்தி வைத்த வீடுகள் எங்களுடையவை. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

சிபிலிசின் கதை வேறு. 1943 இல் பென்சிலினால் அதைக் குணப்படுத்தினார்கள். இன்றும் அதே பென்சிலினுக்கு அது அடங்குகிறது. ஆரம்பத்திலேயே வந்தால் 24 இலட்சம் அலகு பென்சதீன் பென்சிலின், ஒரே தடவை. பிந்தினால் வாரத்துக்கு ஒரு தடவையாக மூன்று வாரம். ஆனால் அதன் புண் நோகாது, தானாக ஆறியும் விடும். சுகம் வந்துவிட்டது என்று ஆட்கள் ஏமாறுவது அங்கேதான். கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்ப்பதில் இந்த நோய்க்கான சோதனையும் உண்டு. சிபிலிசும் எச்ஐவியும் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக 2019 இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டதற்கு அந்தச் சோதனையும் ஒரு காரணம்.

அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் சோதனையும் மருந்தும் இலவசம். யாழ்ப்பாணத்திலும் உண்டு. வைத்தியரின் கடிதம் தேவையில்லை, விபரம் வெளியே போகாது. பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் முதலே சொல்லிவிடுங்கள். துணையையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒருவர் மட்டும் மருந்தெடுத்தால் நோய் மற்றவரிடமிருந்து திரும்பி வரும். பெண்களில் கிளமிடியா பெரும்பாலும் அறிகுறியே காட்டாமல் கருக்குழாயைப் பழுதாக்கும். பிள்ளையில்லை என்று கோயில் கோயிலாக அலைகிற பெண்ணுக்கு, கணவன் ஒளித்து விழுங்கிய நாலு குளிசை தெரிந்திருக்காது.