தொலைந்த நகரமும் தொலையாத நாடும்

நாட்டி டாக் நிறுவனம் உருவாக்கி 2017 ஆகஸ்டில் வெளிவந்த ‘அன்சார்ட்டட்: த லாஸ்ட் லெகஸி’ என்னும் காணொளி விளையாட்டு, போசளர் என்ற பெயரை உலகெங்குமுள்ள இளைஞரிடம் கொண்டுசேர்த்தது. கன்னட வழக்கில் இவர்களே ஹொய்சளர். விளையாட்டின் நாயகி குளோயி ஃபிரேசர், பிள்ளையாரின் தந்தத்தைத் தேடி மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வருகிறாள். விளையாட்டு முழுவதும் திறந்த உலகமாக அமைந்ததன்று. எனினும் அம்மலைக்குரிய அத்தியாயம் பரந்த நிலவெளியாக விரிகிறது. அங்கே விரும்பிய திசையில் ஜீப் ஓட்டலாம், சுவர் ஏறலாம், பதுங்கித் தாக்கலாம், சுடலாம், புதிர்களை விடுவிக்கலாம்.

இப்பல்வகை ஆட்டமுறைகளே அங்குக் காட்டப்பெறும் வரலாற்றின் வடிவத்தைத் தீர்மானிக்கின்றன. ஜீப் தடையின்றி ஓட வேண்டுமெனில் வயலும் ஊரும் குறுக்கிடலாகாது. ஏறுவதற்கு இடிந்த சுவர் வேண்டும். துப்பாக்கிச் சண்டைக்கு வழிபடுவோரற்ற கோயில் வேண்டும். புதிருக்கோ பொருள் மறந்துபோன சிற்பம் வேண்டும். ஆகவே ஹளேபீடு, பேலூர் என்னும் பெயர்கள் மக்களற்ற காட்டு இடிபாடுகளுக்கு உரியனவாகின்றன. உண்மையிலோ, 1117இல் விஷ்ணுவர்த்தனன் எழுப்பிய பேலூர் சென்னகேசவர் கோயிலில் இன்றும் பூசை நடைபெறுகிறது. 2023இல் பேலூர், ஹளேபீடு, சோமநாதபுரம் ஆகிய ஊர்களின் கோயில்கள் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களாயின.

போசள நாட்டைக் காண மலைக்காடு ஏற வேண்டியதில்லை. பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் சாலையில் உள்ள சந்தாபுராவில் நின்றாலே போதும். 13ஆம் நூற்றாண்டில் சோமேசுவரன் திருச்சிராப்பள்ளிக்கு அருகே கண்ணனூரில் தங்கி ஆண்டான். அவன் எடுப்பித்த போசளேசுவரம் இன்று சமயபுரம் போஜீஸ்வரர் கோயிலாக வழங்குகிறது. அவனுக்குப் பின் நாடு இரண்டாகப் பிரிந்தது. மூன்றாம் நரசிம்மன் துவாரசமுத்திரத்தை, அதாவது இன்றைய ஹளேபீட்டை, பெற்றான்; இராமநாதன் தமிழ்ப் பகுதியைப் பெற்றான். பாண்டியர் எழுச்சியால் காவிரிக்கரையை இழந்த இராமநாதன், இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குந்தாணியிலிருந்து ஆண்டான். இவ்வட்டாரத்தின் இருமொழி வாழ்வைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. சந்தாபுரா அடங்கிய ஆனேக்கல் வட்டத்திலும், வடக்கே டொம்லூர் சொக்கநாதர் கோயிலிலும் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. பி. எல். ரைஸ் 1905இல் வெளியிட்ட ‘எபிகிராபியா கர்னாடிகா’ ஒன்பதாம் தொகுதி இவற்றைப் பதிவுசெய்தது. நிலக்கொடை, வரி, கோயில் வழிபாடு என அவை பேசுவன அன்றாடச் செய்திகளே. புதையலுக்கு வழிகாட்டும் குறிப்பு எதுவும் அவற்றில் இல்லை.

முடிவும் திடீர் மறைவன்று. 1311இல் மாலிக் காபூரின் படையெடுப்புக்குப் பின்னும் மூன்றாம் வல்லாளன் முப்பது ஆண்டுகள் தாக்குப்பிடித்தான். திருவண்ணாமலையையும் தன் இருக்கையாகக் கொண்டான். 1340களின் தொடக்கத்தில் மதுரைச் சுல்தானுடனான போரில் மாண்டான்.

இவ்விளையாட்டை வகுப்பறைக்குக் கொண்டுசெல்லும் ஆசிரியர், கற்பனைக்காக அதனைக் குறைகூற வேண்டியதில்லை. ஆட்டத்தின் வசதிக்காக அது யாரை நீக்கியது என்று மாணவரைக் கேட்கச் செய்தால் போதும். உழவர், வரி தண்டுவோர், பூசகர், கல்வெட்டுப் பொறித்த தச்சர் ஆகியோரே அதற்கு விடை. ‘தொலைந்தது’ எனப் பழகிவிட்ட கண்ணுக்கு, அருகில் தொலைந்துகொண்டிருப்பது தெரிவதில்லை. ரைஸ் பதிவுசெய்த பெங்களூரு வட்டாரக் கற்கள் பல, நகர விரிவாக்கத்தில் இன்று இருந்த இடத்தில் இல்லை. எஞ்சியவற்றை மிதிக் சொசைட்டி முப்பரிமாண வருடல் மூலம் ஆவணப்படுத்தி வருகிறது. இல்லாத நகரத்தைத் திரையில் எழுப்பும் அதே கணினிக் கலை, இருக்கும் எழுத்தைக் காக்கவும் வல்லது.