சுமையும் வலியும்: முழங்கால் மூட்டுத் தேய்மான ஆய்வுகள் குறித்து ஒரு மறுவாசிப்பு

முழங்கால் வலியோடு வரும் பருமனான ஒருவர் மருத்துவரிடமிருந்து முதலில் கேட்பது "எடையைக் குறையுங்கள்" என்ற சொல்லைத்தான். அந்த அறிவுரையில் பிழையில்லை. ஆனால் நடைமுறையில் அது நிபந்தனையாக உருமாறிவிடுகிறது: முதலில் எடையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள், வலியைப் பிறகு பார்க்கலாம். இந்த நிபந்தனையைத் தாங்கும் வலு ஆய்வுச் சான்றுகளுக்கு இல்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். எடைக்கும் வலிக்கும் உள்ள உறவைப் பல்லாண்டுகளாக அளந்துவரும் ஓர் ஆய்வாளரின் தரவுகளையே அதற்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறேன்.

உறவு உண்டு என்பதில் ஐயமில்லை. அமெரிக்காவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் கேலப் நிறுவனம் எடுத்த கணக்கெடுப்பை ஆர்தர் ஸ்டோனும் ஜோன் பிராடரிக்கும் 2012இல் பகுத்தாய்ந்தார்கள். இயல்பான எடையுள்ளோரைவிடப் பருமனின் முதல் நிலையில் இருப்போர் 68 விழுக்காடும், மூன்றாம் நிலையில் இருப்போர் 254 விழுக்காடும் கூடுதலாக வலியைத் தெரிவித்திருந்தனர். அதற்கு இருபதாண்டுகள் முன்பே, ஃபிராமிங்ஹாம் ஊர் மக்களை ஆராய்ந்த டேவிட் ஃபெல்சனின் குழு, பத்தாண்டுகளில் 5 கிலோ அளவுக்கு எடை குறைந்த பெண்களுக்கு முழங்கால் மூட்டுத் தேய்மானம் வரும் வாய்ப்பு பாதிக்கும் மேல் குறைந்ததைக் காட்டியிருந்தது. கேள்வி உறவைப் பற்றியதல்ல; அது எந்த வழியாக இயங்குகிறது என்பதைப் பற்றியது.

வட கரோலைனாவிலுள்ள வேக் ஃபாரெஸ்ட் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் மெஸ்ஸியர் உடலின் இயக்கவிசைகளை அளக்கும் துறையைச் சேர்ந்தவர். மூட்டுத் தேய்மானமுள்ள முதியவர்களை விசையளவித் தட்டுகள் பதித்த பாதையில் நடக்கவிட்டு, ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் அழுத்தத்தை அவர் குழு கணக்கிட்டது. 2005இல் வெளியான முடிவு எளிமையானது: உடல் எடை ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடிக்கும் முழங்கால் தாங்கும் சுமை நான்கு கிலோ குறைகிறது. இந்த "ஒன்றுக்கு நான்கு" கணக்கு மிக விரைவாகப் பரவியது. எண் சரியானது. அதைக் கேட்பவர்கள் உடனே எட்டும் முடிவுதான் சிக்கல்: சுமை நான்கு மடங்கு இறங்கினால் வலியும் அந்த வீதத்தில் இறங்கும் என்று எண்ணிக்கொள்கிறோம். அந்த ஆய்வில் மெஸ்ஸியர் அளந்தது சுமையை, வலியை அல்ல.

வலியை அளந்த அவருடைய மற்ற ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. 2004இல் வெளியான அடாப்ட் ஆய்வில் 60 வயது கடந்த 316 பேர் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு 18 மாதம் கண்காணிக்கப்பட்டனர். உணவுக் கட்டுப்பாடு மட்டும் பின்பற்றிய குழு தன் எடையில் 4.9 விழுக்காட்டை இழந்தது. ஆனால் நடமாட்டத்திலும் செயல்திறனிலும் அந்தக் குழு, பொதுவான நலக்கல்வி மட்டும் பெற்ற குழுவிலிருந்து வேறுபடவில்லை. உணவுக் கட்டுப்பாட்டோடு உடற்பயிற்சியும் செய்த குழுவில்தான் வலியும் செயல்திறனும் தெளிவாகச் சீரடைந்தன.

2013இல் ஜாமா இதழில் வந்த ஐடியா ஆய்வு இன்னும் பெரியது: 454 பேர், மூன்று குழுக்கள், அதே 18 மாதம். பயிற்சி என்பது வாரம் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம்; கால் மணி நடை, இருபது நிமிடம் தசை வலுவூட்டல், மறுபடி கால் மணி நடை, பிறகு பத்து நிமிட ஆசுவாசம். இறுதியில் உணவுக் குழு 8.9 கிலோ இழந்திருந்தது. பயிற்சிக் குழு இழந்தது வெறும் 1.8 கிலோ. முழங்காலின் மீதான அழுத்தம் உணவுக் குழுவில் சராசரியாக 2,487 நியூட்டன், பயிற்சிக் குழுவில் 2,687 நியூட்டன். அழற்சியைக் காட்டும் இன்டர்லூகின்-6 என்ற புரதமும் உணவுக் குழுவில்தான் குறைவு. ஆக, எடை, சுமை, அழற்சி மூன்றிலும் உணவுக் குழுவின் கை ஓங்கியிருந்தது. வலி? 20 புள்ளி அளவுகோலில் உணவுக் குழு 4.8, பயிற்சிக் குழு 4.7. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள் மட்டுமே 3.7க்கு இறங்கினார்கள்.

இந்த எண்களை நான் மிக முக்கியமானவையாகக் கருதுகிறேன். உணவுக் குழு இழந்ததில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் இழந்தவர்கள் அதே அளவு வலி நிவாரணம் பெற்றிருக்கிறார்கள் என்றால், எடையைத் தொடாத வேறொரு வழி வேலை செய்திருக்கிறது. தொடைத் தசையின் வலு அதில் ஒரு பங்கு. அசைந்தால் மூட்டு கெட்டுவிடும் என்ற அச்சம் தணிவது இன்னொரு பங்கு. அந்த அச்சமே முடக்கத்தையும் வலியையும் நீட்டிக்கிறது என்பதை யோஹான் ஃபிளாயனும் ஸ்டீவன் லிண்டனும் 2000இலேயே விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஐடியா ஆய்வில் சிகிச்சையே பெறாத குழு இல்லை, ஆகவே பயிற்சிக் குழுவின் நிவாரணம் நாளடைவில் தானே வரும் தணிவாகவும் இருக்கலாம் என்று மறுக்கலாம். நியாயமான மறுப்பு. ஆனால் அது உணவுக் குழுவின் நிவாரணத்துக்கும் அதே அளவு பொருந்தும்.

இந்த ஆய்வுகளில் வலியை அளக்கப் பயன்பட்ட வோமாக் வினாப்பட்டியலையே கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். ஐந்து கேள்விகள்: சமதளத்தில் நடக்கும்போது, படி ஏறி இறங்கும்போது, இரவில் படுக்கையில், உட்கார்ந்தோ படுத்தோ இருக்கும்போது, நிற்கும்போது எவ்வளவு வலி? ஐந்தில் இரண்டு, உடலின் எடை முழங்காலில் இறங்காத நேரத்தைப் பற்றியவை. இரவு இரண்டு மணிக்கு வலியால் விழித்துக்கொள்பவரின் மூட்டை அந்நேரம் எந்த எடையும் நசுக்கவில்லை. விரல் மூட்டுத் தேய்மானமும் பருமனானவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. விரல்களால் யாரும் நடப்பதில்லை. கொழுப்புத் திசு சுரக்கும் அழற்சிப் பொருள்கள், கெட்டுப்போன உறக்கம், நரம்பு மண்டலத்தின் கூர்மையேற்றம் எல்லாம் இந்தக் கணக்கில் வந்தாக வேண்டும்.

இதனால் எடை ஒரு பொருட்டல்ல என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. ஐடியா தரவுகளை 2018இல் மறுபகுப்பாய்வு செய்த மெஸ்ஸியர், எடையில் 20 விழுக்காடு குறைத்தவர்களுக்கு, 10 விழுக்காடு குறைத்தவர்களைவிட வலி 25 விழுக்காடு குறைவாக இருந்ததைக் கண்டார். 2024இல் வெளிவந்த ஸ்டெப் 9 ஆய்வில் எடை குறைக்கும் செமாகுளூட்டைட் ஊசி பெற்றவர்கள் 68 வாரத்தில் 13.7 விழுக்காடு எடை இழந்தார்கள். 100 புள்ளி அளவுகோலில் வலி 41.7 புள்ளி இறங்கியது. கூடுதல் எடை இழப்பு கூடுதல் பயன் தருகிறது. அதே ஆய்வில் மருந்துப் போலி பெற்றவர்கள் 3.2 விழுக்காடு எடையே இழந்தும் அவர்கள் வலி 27.5 புள்ளி இறங்கியிருப்பதைச் செய்திகள் அதிகம் பேசவில்லை. இரு குழுவினருக்கும் உணவு, உடலுழைப்பு ஆலோசனை கிடைத்திருந்தது. தொடர்ந்து பார்த்துப் பேசி உடனிருக்கும் ஒரு மருத்துவக் குழுவின் பங்கை அந்த எண்ணிலிருந்து எளிதில் கழித்துவிட முடியாது.

எடையை முதல் படியாக வைக்கும் ஏற்பாடு, வலியோடு வாழ்பவர் அந்தப் படியை எப்படி ஏறுவார் என்று கேட்பதில்லை. உடல்நல உளவியலாளர் ஏமி ஜாங்கி, ஆண்ட்ரியா கோசாக்குடன் 2012இல் வெளியிட்ட நேர்காணல் ஆய்வு அந்தக் கேள்வியைக் கேட்டது. பருமனும் நாட்பட்ட வலியும் ஒருசேர உள்ளவர்கள், வலி கூடும்போது ஆறுதலுக்காக உண்பதையும், வலியால் உடற்பயிற்சி தடைபடுவதையும், மனச்சோர்வு இரண்டையும் இறுக்குவதையும் விவரித்தார்கள். இவர்களிடம் வலியைக் கவனிக்காமல் எடையைக் கேட்பது, எது தடையோ அதையே தாண்டி வரச் சொல்வதாகும். அந்த முயற்சி தோற்கும்போது பழி நோயாளியின் மன உறுதிமேல் விழுகிறது. இந்த அநீதி எண்களில் பதிவாவதில்லை.

நிபந்தனை மிகக் கடுமையாக விழும் இடம் மூட்டுமாற்று அறுவை சிகிச்சை. 2013இல் அமெரிக்க இடுப்பு, முழங்கால் அறுவை மருத்துவர் சங்கத்தின் பணிக்குழு, உடல் நிறைக் குறியீடு (பிஎம்ஐ) 40ஐத் தாண்டியவர்களுக்கு அறுவையைத் தள்ளிவைப்பதைப் பரிசீலிக்கச் சொன்னது. 2023இல் அமெரிக்க வாதநோய்க் கல்லூரியுடன் சேர்ந்து அதே சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதல், குறிப்பிட்ட எடை வரம்பை எட்டுவதற்காக மட்டும் அறுவையைத் தாமதப்படுத்த வேண்டாம் என்று பரிந்துரைத்தது. பத்தாண்டு இடைவெளியில் நேர்ந்த இந்தத் திருப்பத்தை வரவேற்கிறேன்.

இதற்கு எதிராக மெல்பர்ன் ஆய்வை எடுத்துக்காட்டுவார்கள். 2022இல் வெளியான அதில், முழங்கால் மாற்றுக்குக் காத்திருந்த 82 பேரில் பாதிப்பேருக்கு முதலில் இரைப்பைப் பட்டை அறுவை செய்யப்பட்டது. அந்த 41 பேரில் 12 பேர், வலி குறைந்ததால் முழங்கால் அறுவையே வேண்டாம் என்றனர். வலுவான முடிவுதான். ஆனால் அங்கே நோயாளிகள் எடையைக் குறைத்துவரும்படி வீட்டுக்கு அனுப்பப்படவில்லை. எடை குறைப்பே அவர்களுக்குச் சிகிச்சையாக, மருத்துவமனையின் பொறுப்பில் தரப்பட்டது.

எனவே முழங்கால் வலிக்கான மருத்துவப் பதிவேட்டில் ஒவ்வொரு வருகையின்போதும் எடையோடு வலிப் புள்ளி, ஆறு நிமிடத்தில் நடந்த தூரம், இரவு உறக்கம் மூன்றும் பதிவாக வேண்டும். நடையும் தசைப் பயிற்சியும் முதல் வாரத்திலேயே, எடை இறங்கக் காத்திராமல், வலி நிவாரணத்தோடு சேர்த்துத் தொடங்கப்பட வேண்டும். எடை மாறாமல் நடை தூரம் கூடியிருந்தால் அந்த வருகையை வெற்றியாகவே எழுத வேண்டும். ஐடியாவின் பயிற்சிக் குழு ஏறத்தாழ அந்த நிலையில்தான் இருந்தது.