ஹாலிவுட் பின்னணி இசைத்தட்டுகளும் ரசிகர் சங்கங்களும்

ஹாலிவுட் திரைப்படங்களுக்காக அமைக்கப்பட்ட வாத்திய இசை, படத்திலிருந்து பிரிந்து தனித்துக் கேட்கும் இசையாக மாறியது 1930களின் இறுதியில் தொடங்கிய வரலாறு. இந்த மாற்றத்தில் படநிறுவனங்களுக்கும் இசைத்தட்டு நிறுவனங்களுக்கும் இருந்த பங்குக்குக் குறையாத பங்கு ரசிகர்களுக்கும் உண்டு. தங்களுக்குப் பிடித்த படங்களின் இசையைப் பற்றிக் கடிதங்களிலும் சிற்றிதழ்களிலும் வாதிட்டவர்கள், பின்னர் அந்த இசையைத் தேடினார்கள், சேர்த்தார்கள், மீண்டும் பதிவு செய்யவும் காரணமானார்கள். அழிந்துபோயிருக்கக்கூடிய பல படைப்புகள் இன்று கேட்கக் கிடைப்பதற்கு இந்த ஆர்வமே முதற்காரணம்.

தொடக்கக் காலம்

பேசும்படம் வந்த முதல் சில ஆண்டுகளில் வசனத்துக்கு அடியில் இசை ஒலிப்பது பொருத்தமற்றது என்ற எண்ணம் படத் தயாரிப்பாளர்களிடையே பரவலாக இருந்தது. நடுக்கடலில் நிற்கும் கப்பலில் வாத்தியக்குழு எங்கிருந்து வந்தது என்று பார்வையாளர் கேட்டுவிடுவாரோ என்ற தயக்கம் அது. 1933-இல் வெளியான ‘கிங் காங்’ படத்துக்கு மாக்ஸ் ஸ்டெய்னர் அமைத்த இசை அந்தத் தயக்கத்தைப் பெருமளவு போக்கியது. பொம்மைக் குரங்கின் அசைவுக்கு உயிரும் அச்சமும் இரக்கமும் கொடுத்தது அதன் இசையே என்று விமர்சகர்கள் கருதுகின்றனர்.

ஸ்டெய்னரும் எரிக் வொல்ஃப்காங் கோர்ன்கோல்டும் வியன்னாவின் இசைமரபில் வளர்ந்தவர்கள். ஐரோப்பிய இசைநாடகத்தின் முறைகளை அவர்கள் ஹாலிவுட்டுக்குக் கொண்டுவந்தனர். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு மெட்டு, அந்த மெட்டு கதையோடு சேர்ந்து மாறுவது என்ற முறை இவ்வாறு நிலைபெற்றது. கோர்ன்கோல்ட் ‘தி அட்வெஞ்சர்ஸ் ஆஃப் ராபின் ஹூட்’ (1938) படத்துக்காக ஆஸ்கார் விருது பெற்றார்.

ஆயினும் படம் திரையரங்கை விட்டுப் போனதும் இசையும் போய்விட்டது. படத்தை மீண்டும் பார்க்கும் வாய்ப்பு இருந்தால்தான் இசையை மீண்டும் கேட்க முடியும். ரசிகரின் கையில் எதுவும் இல்லை.

முதல் இசைத்தட்டுகள்

1938-ஆம் ஆண்டு ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் வால்ட் டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’ படத்தின் பாடல்களை 3 தட்டுகள் கொண்ட தொகுப்பாக வெளியிட்டது. படத்தின் ஒலித்தடத்திலிருந்தே எடுத்து விற்பனைக்கு வந்த முதல் தொகுப்பு இதுவே எனப்படுகிறது. ஆனால் இது பாடல்களின் தொகுப்பு. பின்னணி இசைக்கான தொகுப்பு அல்ல.

பாடலற்ற படம் ஒன்றின் இசையைத் தட்டில் கொண்டுவந்த முன்னோடி முயற்சியில் இந்தியத் தொடர்பு ஒன்று உண்டு. 1942-இல் வெளியான ‘ஜங்கிள் புக்’ படத்துக்கு ஹங்கேரியில் பிறந்த மிக்லோஷ் ரோஜா இசையமைத்தார். மௌக்லியாக நடித்தவர் மைசூர்ப் பகுதியைச் சேர்ந்த யானைப்பாகன் குடும்பத்துச் சிறுவனாக இருந்து நடிகரான சாபு. இசையை மட்டும் தட்டில் கொடுத்தால் வாங்க ஆளிருக்குமா என்ற ஐயத்தில், சாபு கதை சொல்ல, பின்னால் ரோஜாவின் இசை ஒலிக்கும்படி அந்தத் தொகுப்பு அமைக்கப்பட்டது.

அக்காலத்து நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் தட்டின் ஒரு பக்கம் சில நிமிடங்களே ஒலிக்கும். நீண்ட இசைப்பகுதிகளுக்கு அது இடம் கொடுக்கவில்லை. 1948-இல் எல்.பி. எனப்படும் நீண்டநேரத் தட்டு அறிமுகமான பின்னரே ஒரு பக்கத்தில் 20 நிமிடத்துக்கும் மேல் இசையைப் பதிய முடிந்தது. பின்னணி இசைத்தொகுப்பு தனி விற்பனைப் பொருளானது 1950களில்தான்.

பாடலின் எழுச்சியும் வாத்திய இசையின் தளர்ச்சியும்

1952-இல் ‘ஹை நூன்’ படத்துக்காக திமித்ரி டியோம்கின் அமைத்த தலைப்புப் பாடல் பெரும் வெற்றி பெற்றது. அதன்பின் ஒவ்வொரு படத்திலும் வானொலியில் ஒலிக்கக்கூடிய ஒரு பாடல் வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் எதிர்பார்க்கலாயினர்.

இந்த நெருக்கடியின் புகழ்பெற்ற பலி பெர்னார்ட் ஹெர்மன். ‘வெர்ட்டிகோ’ (1958), ‘சைக்கோ’ (1960) போன்ற படங்களில் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் நெருங்கிய கூட்டாளியாக இருந்தவர் அவர். நரம்பு வாத்தியங்களை மட்டும் கொண்டு ‘சைக்கோ’வின் குளியலறைக் காட்சிக்கு அவர் அமைத்த இசை உலகப் புகழ் பெற்றது. ‘டார்ன் கர்ட்டன்’ (1966) படத்துக்குக் காலத்துக்கேற்ற வெகுசன இசை வேண்டும் என்ற அழுத்தம் வந்தது. ஹெர்மன் தம் வழியிலேயே எழுதினார். ஒலிப்பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே அவர் நீக்கப்பட்டார். இருவரும் அதன்பின் சேர்ந்து பணியாற்றவில்லை.

1968-இல் ஸ்டான்லி குப்ரிக் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்துக்காக அலெக்ஸ் நார்த் எழுதிய இசையை ஒதுக்கிவிட்டு, ஏற்கெனவே இருந்த செவ்வியல் இசைப்பதிவுகளைப் பயன்படுத்தினார். 1960களின் முடிவில் பெரிய வாத்தியக்குழுவின் இசை பழைய பாணி என்று ஒதுக்கப்படும் நிலை உருவாகியிருந்தது.

அழிவு

படநிறுவனங்கள் இசைக்குறிப்புத் தாள்களைப் பாதுகாக்க வேண்டிய ஆவணங்களாகக் கருதவில்லை. படம் முடிந்ததும் அவை இடத்தை அடைக்கும் காகிதக் கட்டுகள் மட்டுமே. 1970 வாக்கில் எம்.ஜி.எம். நிறுவனம் தன் சொத்துகளைக் குறைத்துக்கொண்டபோது, உடைகளும் அரங்கப் பொருட்களும் ஏலத்துக்குச் சென்றன. ஏலத்தில் விலைபோகாது என்று கருதப்பட்ட இசைக்குறிப்புகள் குப்பையாகக் கொட்டப்பட்டன. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக எழுதப்பட்ட பல்லாயிரம் தாள்கள் இவ்வாறு மறைந்தன. பதிப்புரிமைத் தேவைக்காக வைக்கப்பட்ட சுருக்கக் குறிப்புகளே பல படங்களுக்கு எஞ்சின.

இந்த இழப்பின் அளவைப் பிற்கால உழைப்பைக் கொண்டு அறியலாம். பிரிட்டிஷ் இசை நடத்துநர் ஜான் வில்சன் எம்.ஜி.எம். இசைப்படங்களின் வாத்திய அமைப்பை மீட்க, படத்தின் ஒலித்தடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு ஒவ்வொரு வாத்தியத்தின் சுரங்களையும் எழுத வேண்டியிருந்தது. அவ்வாறு மீட்கப்பட்ட இசை 2009-இல் லண்டனில் பி.பி.சி. பிராம்ஸ் விழாவில் அரங்கேறியது.

ரசிகர் சங்கங்கள்

1965-இல் ஆல்பர்ட் கே. பெண்டர் என்ற ரசிகர் மாக்ஸ் ஸ்டெய்னர் இசைச் சங்கத்தைத் தொடங்கினார். ஸ்டெய்னர் அப்போது உயிருடன் இருந்தார். ஆனால் புதிய படங்கள் அவரைத் தேடி வருவது நின்றிருந்தது. பல நாடுகளில் சிதறிக் கிடந்த ரசிகர்கள் இந்தச் சங்கத்தின் வெளியீடுகள் வழியே ஒருவரையொருவர் கண்டுகொண்டனர். 1981-இல் சங்கம் கலைந்தபோது அதன் சேகரிப்பு யூட்டா மாநிலத்திலுள்ள பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துக்குச் சென்றது. ஸ்டெய்னரின் தாள்களும் இன்று அங்கேயே பாதுகாக்கப்படுகின்றன. 1970களின் தொடக்கத்தில் ரோஜாவுக்கும் இவ்வாறான சங்கம் தோன்றியது.

இச்சங்கங்களின் இதழ்களில் இன்னின்ன படத்தின் இசை சிறந்தது என்ற பட்டியல்களும், தட்டு விமர்சனங்களும், கடுமையான மறுப்புகளும் வந்தன. தொழில்முறை இசை விமர்சகர்கள் திரைப்பட இசையைப் பொருட்படுத்தாத காலத்தில், அதைக் கூர்ந்து கேட்டு எழுதும் பழக்கத்தை உருவாக்கியவர்கள் இந்த ரசிகர்களே.

மறுமலர்ச்சி

1972-இல் ஆர்.சி.ஏ. நிறுவனம் கோர்ன்கோல்டின் திரை இசையிலிருந்து தேர்ந்தெடுத்த பகுதிகளை ‘தி ஸீ ஹாக்’ என்ற தலைப்பில் வெளியிட்டது. லண்டனில் நேஷனல் ஃபில்ஹார்மானிக் இசைக்குழுவை நடத்தியவர் சார்லஸ் கெர்ஹார்ட். தயாரித்தவர் கோர்ன்கோல்டின் மகன் ஜார்ஜ் கோர்ன்கோல்ட். கோர்ன்கோல்ட் மறைந்து 15 ஆண்டுகள் கழித்து வந்த இந்தத் தட்டு நன்றாக விற்றது. ஸ்டெய்னர், ஆல்ஃபிரட் நியூமன், ஃபிரான்ஸ் வாக்ஸ்மன், ஹெர்மன், ரோஜா, டியோம்கின் ஆகியோரின் இசை அதே வரிசையில் தொடர்ந்து வந்தது.

இசையமைப்பாளர் எல்மர் பெர்ன்ஸ்டைன் வேறொரு வழியைக் கண்டார். 1974-இல் அவர் சந்தாதாரர்களுக்கான இசைத்தட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். பெரிய நிறுவனங்கள் தொடாத படைப்புகளைத் தம் பொறுப்பில் மறுபதிவு செய்து, உறுப்பினர்களுக்கு அஞ்சலில் அனுப்பினார். இசையமைப்பாளர்களின் நேர்காணல்கள் கொண்ட காலாண்டிதழும் உடன் சென்றது. ஹிட்ச்காக் ஒதுக்கிய ‘டார்ன் கர்ட்டன்’ இசையை ஹெர்மனின் மறைவுக்குப் பிறகு பெர்ன்ஸ்டைன் இத்திட்டத்தில் பதிவு செய்தார். படத்தில் இடம்பெறாத இசையை ரசிகர்களின் சந்தாவைக் கொண்டு கேட்கச் செய்தது இத்திட்டத்தின் சிறப்பு. ஆயினும் செலவு கட்டுப்படியாகவில்லை. 1970களின் இறுதியில் திட்டம் நின்றது.

இதற்கிடையில் 1977-இல் ‘ஸ்டார் வார்ஸ்’ வெளிவந்தது. லண்டன் சிம்ஃபனி இசைக்குழுவைக் கொண்டு ஜான் வில்லியம்ஸ் பதிவு செய்த இசை கோர்ன்கோல்ட் காலத்து முறையை மீண்டும் அரியணை ஏற்றியது. இரண்டு தட்டுகள் கொண்ட அந்தத் தொகுப்பு 10 லட்சத்துக்கும் மேல் விற்றது.

ரசிகர்களின் விவாதங்கள்

ரசிகர்களிடையே பல ஆண்டுகளாகத் தொடரும் விவாதங்களை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது, மூலப்பதிவா மறுபதிவா என்பது. ஹெர்மன் 1975-இல் தாமே நடத்திப் பதிவு செய்த ‘சைக்கோ’ படத்தில் உள்ளதைவிட மெதுவாகச் செல்கிறது. இசையமைப்பாளரின் விருப்பமே இறுதியானது என்பர் ஒரு சாரார். படத்தில் கேட்ட வேகமே உண்மையான ‘சைக்கோ’ என்பர் மறுசாரார்.

இரண்டாவது, படத்தின் வரிசையா இசையின் வரிசையா என்பது. ‘ஸ்டார் வார்ஸ்’ தொகுப்பில் வில்லியம்ஸ் பகுதிகளைக் காட்சி வரிசையில் வைக்காமல், கேட்பதற்கு ஏற்ற இசை நிகழ்ச்சி போல அமைத்தார். காட்சி வரிசையிலான விரிவான பதிப்பு 1997-இல் 2 குறுந்தட்டுகளில் வந்தது. இன்றும் முதல் தொகுப்பையே விரும்புவோர் உண்டு.

மூன்றாவது, முழுமையா தேர்வா என்பது. இதற்குப் பின்னால் ஒரு பொருளாதாரக் காரணம் இருந்தது. அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத்தின் விதிப்படி, படத்துக்கு வாசித்த இசையைத் தட்டாக வெளியிட்டால் கலைஞர்களுக்கு மீண்டும் ஊதியம் தர வேண்டும். எனவே லாஸ் ஏஞ்சல்ஸில் பதிவான பல படங்களின் தொகுப்புகள் ஏறக்குறைய 30 நிமிடத்தோடு நிறுத்தப்பட்டன. தமக்குப் பிடித்த காட்சியின் இசை விடுபட்டதே என்று ரசிகர்கள் நிறுவனங்களைக் குறை கூறினர். ஆனால் அந்த விதி கலைஞரின் உழைப்புக்கான பாதுகாப்பு என்பதையும் மறக்கலாகாது. பின்னாளில் குறைந்த எண்ணிக்கையில் வரும் பதிப்புகளுக்குக் கட்டணம் தளர்த்தப்பட்டது. அதனால் பல பழைய படங்களின் முழு இசையும் வெளிவர வழி பிறந்தது.

குறுந்தட்டுக் காலம்

1978-இல் தொடங்கிய வரீஸ் சாராபாண்ட், 1985-இல் தொடங்கிய இன்ட்ராடா போன்ற சிறு நிறுவனங்கள் இத்துறையில் நிலைத்தன. 1990-இல் லூகஸ் கெண்டல் என்ற இளைஞர் ரசிகர்களுக்கான கடிதச் சுற்றறிக்கை ஒன்றைத் தொடங்கினார். அது ‘ஃபிலிம் ஸ்கோர் மன்த்லி’ என்ற இதழாக வளர்ந்தது. பின்னர் அதே பெயரில் குறுந்தட்டுகளும் வெளியாயின.

அலெக்ஸ் நார்த்தின் ஒதுக்கப்பட்ட ‘2001’ இசை, அவர் மறைந்து 2 ஆண்டுகளுக்குப் பின், 1993-இல் அவருடைய நண்பர் ஜெர்ரி கோல்ட்ஸ்மித் நடத்திய பதிவாக வெளிவந்தது. ஜான் மார்கனும் வில்லியம் ஸ்ட்ராம்பர்க்கும் ‘கிங் காங்’ உள்ளிட்ட பழைய இசைகளைச் சீரமைத்து மாஸ்கோவில் பதிவு செய்தனர். இவர்களும் இளமையில் இந்த இசையின் ரசிகர்களாக இருந்தவர்களே.

தமிழ்ச் சூழலோடு ஒப்பீடு

தமிழில் ‘படத்தின் இசைத்தட்டு’ என்றால் பாடல்கள் என்றே பொருள். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, ‘திருவிளையாடல்’ போன்ற படங்களின் வசனங்கள்கூடத் தட்டுகளாக வந்தன. ஒலிபெருக்கிகள் வழியே ஊரெங்கும் ஒலித்தன. பின்னணி இசை மட்டும் தனியே வெளிவருவது நெடுங்காலம் அரிதாகவே இருந்தது. இளையராஜாவின் பின்னணி இசையை விரும்பிய ரசிகர்கள், படத்தின் ஒலித்தடத்தில் வசனம் இல்லாத இடங்களை வெட்டியெடுத்துச் சேர்த்துப் பகிர்ந்துகொண்டனர். ஓர் உரையாடல் குறுக்கிட்டால் அந்த இசைத்துண்டு அங்கேயே முடிந்துவிடும். அண்மைக்காலத்தில் படம் வெளியான பின் பின்னணி இசையையும் தனித்தொகுப்பாக வெளியிடும் வழக்கம் ஏற்பட்டுள்ளது. கோர்ன்கோல்ட் பெற்ற அதே பின்னணி இசைக்கான ஆஸ்கார் விருதை ஏ.ஆர்.ரஹ்மான் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்துக்காக 2009-இல் பெற்றார்.

வரலாற்று இடம்

திரைப்படப் பின்னணி இசை, காட்சிக்குத் துணையாக எழுதப்படுவது. கவனிக்கப்படாமலே தன் வேலையைச் செய்வது அதன் இயல்பு. அதைக் கவனித்தவர்கள் இல்லாதிருந்தால், குப்பைமேட்டுக்குச் சென்ற தாள்களோடு அதன் நினைவும் சென்றிருக்கும். எந்தப் பதிவு சிறந்தது, எந்த வரிசை சரி என்று ரசிகர்கள் நடத்திய விவாதங்கள் வெளியாருக்குச் சிறு பூசல்களாகத் தோன்றலாம். ஆனால் அவற்றுக்காகத் திரட்டப்பட்ட தட்டுகளும் கடிதங்களும் குறிப்புகளும்தாம் பின்னர் ஆய்வாளருக்கும் இசைக்குழுக்களுக்கும் மூலங்களாயின. மாக்ஸ் ஸ்டெய்னர் சங்கத்தின் சேகரிப்பு பல்கலைக்கழக ஆவணமானது இதற்குச் சான்று.