திரைக்குப் பின்னே நிகழும் பேச்சு

நாடகம் காணச் செல்லும் நாம், மேடைமீது பேசப்படும் பேச்சையே கேட்கின்றோம். திரைக்குப் பின்னே மற்றொரு பேச்சும் நடைபெறுகின்றது. படுதாவை இறக்குபவர், விளக்கைக் கவனிப்பவர், இடியோசை எழுப்புபவர் ஆகியோர் ஒருவரையொருவர் காணாமலே ஒரே நொடியில் இயங்கவேண்டும். கண்ணபிரான் வருமுன்னரே ஒளி வந்துவிட்டால் அது சிரிப்போடு போகும். ஆள் விலகுமுன் படுதா இறங்கினாலோ, தலைக்கே ஆபத்து.

பாய்மரக் கப்பல் மாலுமிகளே முற்காலத்தில் ஆங்கில அரங்குகளில் கயிறிழுக்க அமர்த்தப்பட்டனர் என்றும், அவர்கள் சீழ்க்கையால் குறிப்புணர்த்தினர் என்றும், அதனாலேயே அவ்வரங்குகளில் சீழ்க்கையடித்தல் தீநிமித்தமாயிற்று என்றும் ஒரு செவிவழிச் செய்தி உண்டு. எவரோ விளையாட்டாக ஊத, மேலிருந்து பாரம் இறங்கினால் யார் பொறுப்பு? நம்மவர் நாடகங்களிலோ அந்த விசிலே திரைக்கு உற்ற துணையாயிற்று. நவாப் இராஜமாணிக்கம், ஆர். எஸ். மனோகர் ஆகியோர் தந்திரக் காட்சிகளால் மக்களை மலைக்கவைத்தனர். மேடைக்குப் பின்னிருந்த பணியாளரிடையே குறிப்பு ஒழுங்கு இல்லாதிருப்பின் அக்காட்சிகள் இயலா.

எரிவாயு விளக்குக் காலத்தில் மேனாட்டு அரங்குகள் பேச்சுக்குழாய்களைக் கையாண்டன. 1881-இல் லண்டன் சவாய் அரங்கு முழுவதும் மின்னொளி பெற்றது. மின்சாரம் பரவவே, குறிவிளக்கும் வந்தது. சிவப்பு எரிந்தால் 'ஆயத்தம்', பச்சை எரிந்தால் 'செய்க' என்பது ஆங்கிலேயர் முறை. அமெரிக்கர் ஒரே விளக்கில் காரியத்தை முடித்தனர்: எரிந்தால் ஆயத்தம், அணைந்தால் செய்க. ஓசையற்றது, மலிவானது. ஆனால், 'கயிறு சிக்கிக்கொண்டது' என்று மறுமொழி கூற விளக்குக்கு வாயில்லை.

அதற்கு வாய் தந்தவை தலையில் மாட்டிப் பேசும் கருவிகள். இவ்வரிசையில் புகழ்பெற்ற கிளியர்-காம், 1968-இல் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில், இசைநிகழ்ச்சிகளின் பேரிரைச்சலை வெல்லவேண்டித் தோன்றியது. இடுப்பில் ஒரு சிறு பெட்டி; ஒரே வடத்தில் பேச்சும் மின்னாற்றலும்; பலர் ஒரே தொடரில் இணையலாம். இன்று கம்பியின்றியே இவை இயங்குகின்றன. ஆயினும், மண்டப வாடகைக்கே நன்கொடைச் சீட்டு அச்சிடும் வெளிமாநிலத் தமிழ்ச் சங்கங்களுக்கு அவற்றின் விலை எட்டாக்கனியே.

ஆகவே, நாமும் ஓராண்டு நம் சங்க நாடகத்துக்கு டார்ச் பல்பு, பாட்டரி, நீண்ட கம்பி, ஒரு சுவிட்சு ஆகியவற்றைக் கொண்டு குறிவிளக்கு அமைத்தோம். ஒளி சபையோர் கண்ணிற் படாதிருக்கப் பால்பொடி டப்பாவால் மறைத்தோம். ஒரு பல்பு மிச்சமாகுமே என்று அமெரிக்க முறையைத் தேர்ந்ததுதான் பிழை. இரண்டாம் காட்சியில், படுதாக்காரரை ஆயத்தப்படுத்த விளக்கை ஏற்றியிருந்தோம். அவ்வேளை பக்கத் தட்டியருகே யாரோ கம்பியை மிதித்து இழுக்க, இணைப்பு அறுந்தது, விளக்கு அணைந்தது. படுதாக்காரர் தம் கடமையைப் பழுதறச் செய்தார்! அரசர் வேடம் பூண்ட பெரியவர் வசனத்தின் நடுவே நின்றிருந்தார். படுதாவின் அடிக்கழி அவர் தோளை உரசிக்கொண்டு தரையில் விழுந்தது. கம்பி அறுவதும் கட்டளையாகும் முறை ஆபத்தானது என்பதை அன்றே அறிந்தோம்.

அடுத்த ஆண்டு சிவப்பும் பச்சையுமாக இரண்டு பல்பு வாங்கினோம். மறுமொழிக்கு ஒரு மணிப்பொத்தானும் சேர்த்தோம். அப்பெரியவர் இரண்டு விளக்கையும் தாமே எரித்துப் பார்த்த பின்னரே ஒப்பனைக்கு அமர்ந்தார்.