கேஜிஎஃப் 'சயனைடு மேடு' மவுன்டன் பைக் பந்தயத்துக்கு ஏற்ற இடமா? உள்ளூர் அணிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

மவுன்டன் பைக் ஓட்டுபவர்களின் கண்ணுக்கு, கோலார் தங்க வயலின் சயனைடு மேடுகள் ஏற்கனவே போட்டு வைத்த பந்தயப் பாதை மாதிரிதான் தெரியும். மரம் குறைவு, வண்டித் தொந்தரவு இல்லை, நெஞ்சை அடைக்கும் ஏற்றம், மழைநீர் அறுத்துவிட்ட குறுகலான ஓடைகள், நேராக இறங்கும் சரிவு என எல்லாமே இருக்கிறது. 2018-ல் 'கே.ஜி.எஃப்' படம் வெளியான பிறகு, இந்த மேடுகளைப் பார்க்கவும் படம் எடுக்கவும் வெளியூர்க்காரர்கள் வருவதும் அதிகமானது.

ஊருக்குள்ளேயே இப்படி ஒரு இடம் இருக்கும்போது, இங்கே ஒரு அணி ஏன் பயிற்சி எடுக்கக் கூடாது? பந்தயம் ஏன் நடத்தக் கூடாது? சைக்கிள் வைத்திருக்கும் எந்த இளைஞருக்கும் தோன்றும் கேள்விதான் இது. பதில் சொல்ல, அந்த மேட்டில் என்ன இருக்கிறது, மவுன்டன் பைக் பந்தயம் உடம்பிடம் எதைக் கேட்கிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அந்த மேடு எப்படி உருவானது?

ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் 1880-ல் இங்கே தங்கச் சுரங்க வேலையைத் தொடங்கியது. வட ஆற்காடு, சேலம், தருமபுரி பகுதிகளில் இருந்து வந்த தமிழர்கள்தான் சுரங்கத் தொழிலாளர்களில் பெரும்பகுதி. சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரைக்குக் கீழே சுமார் 3.2 கிலோமீட்டர் ஆழம் வரை போனது. பொதுத்துறை நிறுவனமான பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட், அதாவது பி.ஜி.எம்.எல்., 2001 பிப்ரவரி 28-ம் தேதி சுரங்கங்களை மூடியது.

இடைப்பட்ட 120 ஆண்டுகளில் மேலே வந்த தாதுப் பாறையை மில்லில் போட்டு மாவாக அரைத்தார்கள். அந்த மாவைச் சயனைடு கரைசலில் ஊறவைத்தால் தங்கம் கரைந்து தனியாக வந்துவிடும். மிச்சமான மாவைக் குவித்து வைத்ததுதான் இன்றைய சயனைடு மேடு. இப்படி 13 மேடுகள் இருக்கின்றன. அவற்றில் இருக்கும் கழிவு சுமார் 3.3 கோடி டன் என்பது மதிப்பீடு, பரப்பு 1,003.4 ஏக்கர். வகுத்துப் பார்த்தால், ஏக்கருக்கு ஏறக்குறைய 33,000 டன்.

சயனைடு இன்னும் இருக்கிறதா?

பெயரைக் கேட்டதும் எல்லோரும் பயப்படுவது சயனைடுக்குத்தான். ஆனால் வெயிலும் காற்றும் படப்பட சயனைடு மெல்லச் சிதைந்துபோகும். சைக்கிள் ஓட்டுபவர் அதைவிட அதிகம் கவலைப்பட வேண்டியவை சிதையாத பொருட்கள்.

முதலாவது சிலிக்கா. இங்கே தங்கம் இருந்தது குவார்ட்ஸ் பாறைப் படுகைகளில். குவார்ட்ஸை அரைத்தால் கிடைப்பது நுண்ணிய படிகச் சிலிக்கா தூசு. அது நுரையீரலில் தங்கி ஏற்படுத்தும் சிலிகோசிஸ் நோய், கேஜிஎஃப் லைன் வீடுகளில் பல குடும்பங்களுக்கு நன்றாகவே தெரிந்த நோய். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, சுவாசத்தில் சேரும் படிகச் சிலிக்காவை 'மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்' முதல் பிரிவில் வைத்திருக்கிறது. இரண்டாவது, தங்கத் தாதுவோடு சேர்ந்தே வரும் ஆர்சனிக். அதுவும் அதே முதல் பிரிவில்தான் இருக்கிறது.

காற்று வலுக்கும் மாதங்களில் இந்தத் தூசு பறந்து வந்து வீடுகளுக்குள் படிவது ஊர்க்காரர்களின் பழைய புகார்.

நடந்து போவதற்கும் பந்தயம் ஓட்டுவதற்கும் என்ன வித்தியாசம்?

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை இழுக்கிறார். பயிற்சி பெற்ற வீரர் ஒருவர் ஏற்றத்தில் முழு மூச்சாக மிதிக்கும்போது அது 100 லிட்டரைத் தாண்டும். ஒன்றரை மணி நேரப் பந்தயம் என்றால் கணக்கு இதுதான்: உட்கார்ந்திருப்பவருக்குச் சுமார் 630 லிட்டர், ஓட்டுபவருக்குச் சுமார் 9,000 லிட்டர். கிட்டத்தட்ட 14 மடங்கு.

அதோடு, களைத்துப்போனால் மூக்கை விட்டுவிட்டு வாயால் மூச்சு வாங்குவோம். மூக்கு வடிகட்ட வேண்டிய தூசு நேராக உள்ளே போகும். முன்னால் பத்து பேர் ஓட்டிப் போனால் அவர்கள் கிளப்பும் புழுதியும் பின்னால் வருபவருக்குத்தான்.

மாஸ்க் போட்டுக்கொண்டால் போதாதா? என்-95 வகை மாஸ்க் நுண்தூசைத் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் பந்தய வேகத்தில் வியர்வையில் நனைந்து மூச்சு திணறும். பெரும்பாலானோர் இரண்டாவது ஏற்றத்திலேயே கழற்றிவிடுவார்கள்.

தூசு மட்டும்தான் பிரச்னையா?

இல்லை. மேட்டின் ஓடைச் சுவர்கள் வெறும் மாவால் ஆனவை. மேலே காய்ந்த ஓடு மாதிரி இறுகி இருக்கும். டயர் ஏறினால் பொலபொலவென்று உடையும். அடியில் நீர் அரித்துவிட்ட இடங்களில் விளிம்பு அப்படியே சரிந்து விழலாம். சுற்றிலும் கைவிடப்பட்ட பழைய ஷாஃப்டுகளும் இருக்கின்றன. மழைக்காலத்தில் அடிவாரத்தில் தேங்கும் தண்ணீரில் முகம் கழுவுவதும், சைக்கிள் கழுவுவதும் கூடாது.

சட்டப்படியும் இது பொது மைதானம் கிடையாது. நிலம் பி.ஜி.எம்.எல். நிறுவனத்தினுடையது. மேட்டு மண்ணில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்க, 13 மேடுகளிலும் மேற்பரப்புச் சுரங்கப் பணி நடத்தும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் கொடுத்தது. பணி தொடங்கினால், இன்று பாதையாகத் தெரிவது நாளைக்கு லாரி ஓடும் இடமாக மாறும்.

சரி, அப்போ எங்கேதான் ஓட்டுவது?

இங்கேதான் கேஜிஎஃப் நிலவியல் கைகொடுக்கிறது. தங்கம் இருந்த பாறைப் பட்டை வடக்கு-தெற்காகச் சுமார் 80 கி.மீ. நீளம் போகிறது, ஆனால் அகலம் சில கிலோமீட்டர்தான். அதைக் கிழக்கிலோ மேற்கிலோ தாண்டினால் கருங்கல் பாறையும் செம்மண்ணும். பேத்தமங்கலம் ஏரிப் பக்கம், கோட்டிலிங்கேஸ்வரர் கோயில் இருக்கும் கம்மசந்திரா பக்கம், தைல மரத் தோப்புகளுக்கு நடுவே போகும் மாட்டு வண்டித் தடங்கள் என்று பத்து, பதினைந்து கி.மீ. தூரத்துக்குள்ளேயே பயிற்சிக்கான மண் பாதைகள் கிடைக்கும். கடல் மட்டத்தில் இருந்து சுமார் 850 மீட்டர் உயரம் என்பதால் காலை நேரம் குளிர்ச்சியாகவும் இருக்கும். தனியார் தோப்பு என்றால் உரிமையாளரிடமும், காப்புக்காடு என்றால் வனத்துறையிடமும் முதலில் கேட்டுவிட வேண்டும்.

பயிற்சிக்கு நீளமான பாதை தேவையில்லை. ஒலிம்பிக்கில் இருக்கும் கிராஸ் கன்ட்ரி பந்தயமே 4 முதல் 6 கி.மீ. சுற்று ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதுதான். ஒரு நல்ல ஏற்றம், கல்லும் வேரும் நிறைந்த ஒரு பகுதி, பிரேக் பிடித்துப் பழக ஓர் இறக்கம். மூன்றும் ஒரே சுற்றில் அமைந்தால் போதும்.

பந்தயத்தில் என்னென்ன வகை?

1970-களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், மரின் கவுன்டி இளைஞர்கள் பழைய சைக்கிள்களில் மலை இறங்கி ஆடிய ஆட்டம்தான் இந்த விளையாட்டின் தொடக்கம். 1976-ல் தொடங்கிய அந்தப் பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். பின் சக்கர பிரேக் சூடேறி கிரீஸ் உருகிவிடும். ஒவ்வொரு முறையும் புதிதாக கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் வந்த பெயர் அது. முதல் அதிகாரபூர்வ உலக சாம்பியன்ஷிப் 1990-ல் அமெரிக்காவின் டுராங்கோ நகரில் நடந்தது. 1996 அட்லான்டா ஒலிம்பிக்கில் இது சேர்ந்தது.

கிராஸ் கன்ட்ரி: எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவார்கள். முதல்நிலை வீரர்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்.

டவுன்ஹில்: ஒவ்வொருவராக நேரத்தை எதிர்த்து இறங்குவது. சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

மாரத்தான்: 60 கி.மீ.க்கு மேல் போகும் நீண்ட தூரப் பந்தயம்.

ரிலே: ஒரே அணியின் வீரர்கள் ஆளுக்கு ஒரு சுற்று ஓட்டுவது.

புதிதாக வருபவர்களைக் கலங்க வைப்பது கிராஸ் கன்ட்ரியின் 80 சதவீத விதி. முன்னணி வீரரின் முதல் சுற்று நேரத்தைவிட 80 சதவீதம் மெதுவாகிவிட்டால் உங்களைப் பாதையில் இருந்து எடுத்துவிடுவார்கள். அவர் முதல் சுற்றை 15 நிமிடத்தில் முடித்தால், உங்களுக்கான எல்லை 27 நிமிடம். பயிற்சியிலேயே சுற்று நேரத்தைக் குறித்து வைக்கும் பழக்கம் இதற்குத்தான் உதவும்.

தனி ஆள் விளையாட்டில் அணி எதற்கு?

சாலைப் பந்தயத்தில் ஒருவர் முன்னால் போய்க் காற்றைத் தடுக்க, மற்றவர் பின்னால் ஒட்டிக்கொண்டு போகலாம். மண் பாதையில் அந்த உதவி மிகக் குறைவு. இங்கே அணியின் வேலை பாதைக்கு வெளியே.

முந்தின நாள் சுற்றை ஒன்றாக ஓட்டி, எந்தக் கல்லில் எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்வது, அனுமதிக்கப்பட்ட இடத்தில் நின்று தண்ணீர் பாட்டில் நீட்டுவது, மாற்றுச் சக்கரத்தோடு தயாராக இருப்பது எல்லாம் அதில் வரும். முறையான பந்தயத்தில் வெளியாள் உதவி அதற்கென ஒதுக்கிய இடத்தில் மட்டும்தான். நடுவழியில் பஞ்சர் ஆனால் நீங்களேதான் போட வேண்டும், இல்லையென்றால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். விழுந்து அடிபட்டால் தகவல் சொல்லவும் ஆள் வேண்டும். அதனால் பயிற்சிக்குத் தனியாகப் போகக் கூடாது.

செலவையும் அணி பங்கு போட்டுக்கொள்ளும். ஒரு பம்ப், ஒரு செயின் கட்டர், ஒரு முதலுதவிப் பெட்டி, பந்தய ஊருக்கு ஒரே வேன் என்று சேர்ந்தால் தலைக்கு விழும் தொகை குறையும்.

எந்த சைக்கிள்?

கடையில் 'எம்டிபி' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பது எல்லாம் பந்தய சைக்கிள் ஆகாது. தடித்த டயரும் ஸ்பிரிங்கும் இருந்தாலும், ஃபிரேம் பல இறக்கங்களைத் தாங்குமா என்பதுதான் கேள்வி. தொடக்கத்துக்கு, முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள அலுமினிய ஃபிரேம், டிஸ்க் பிரேக், பிடிமானம் உள்ள டயர் போதும். சைக்கிள் மீதான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. மிச்சமாகும் பணத்தை நல்ல ஹெல்மெட்டில் போடலாம். ஹெல்மெட் இல்லாமல் எந்தப் பந்தயத்திலும் கிளம்ப விட மாட்டார்கள்.

கேஜிஎஃப்-இல் இருந்து தேசியப் போட்டி வரை எப்படிப் போவது?

இந்திய சைக்கிளிங் கூட்டமைப்பு, அதன் கீழ் மாநில சங்கம், மாவட்ட அளவிலான தேர்வு என்பது அதிகாரபூர்வ வழி. கர்நாடகத்தில் சைக்கிளிங் வேரூன்றிய இடங்கள் விஜயபுரா, பாகல்கோட், கதக் போன்ற வட மாவட்டங்கள். கதக் தேசிய மவுன்டன் பைக் போட்டியையே நடத்தியிருக்கிறது. பெங்களூருவில் அமெச்சூர் கிளப்புகளுக்கான பந்தயத் தொடர்கள் சாலைப் பந்தயத்தோடு மண் பாதைப் பந்தயங்களையும் நடத்தியிருக்கின்றன. அனுபவத்துக்கு அதுதான் பக்கத்து வாசல். 2023 அக்டோபரில் கேரளாவின் பொன்முடியில் ஆசிய சாம்பியன்ஷிப் நடந்தது.

கேஜிஎஃப் அணிக்குப் பெரிய தட்டுப்பாடு நேரம்தான். சுரங்கம் மூடியபின் மாரிக்குப்பத்தில் இருந்து தினமும் ஆயிரக்கணக்கானோர் ரயிலில் பெங்களூரு வேலைக்குப் போய் வருகிறார்கள். போக 2 மணி நேரம், வர 2 மணி நேரம். விடியற்காலையே ரயில் பிடிப்பவருக்கு வார நாளில் பயிற்சி நடக்காத காரியம். அதனால் சனி, ஞாயிறு நீண்ட ஓட்டம், வார நடுவில் ஒரு நாள் இரவு வீட்டில் உடற்பயிற்சி என்று திட்டம் போடுவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

மூடிய சுரங்க ஊர்கள் வேறு எங்கேயாவது இதைச் செய்திருக்கின்றனவா?

செய்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில், தகரச் சுரங்கத்தால் வாழ்ந்து பின் வெறிச்சோடிய டெர்பி என்ற சிற்றூர், 2015-ல் காட்டுக்குள் மவுன்டன் பைக் பாதைகளைத் திறந்தது. இரண்டே ஆண்டில், 2017-ல், உலக அளவிலான என்டியூரோ பந்தயம் அங்கே நடந்தது. அமெரிக்காவின் மினசோட்டாவில், கயூனா இரும்புச் சுரங்கப் பகுதியில் 2011-ல் பாதைகள் திறக்கப்பட்டன. வேல்ஸ் நாட்டின் பிளைனாய் ஃபெஸ்டினியோக் பலகைக்கல் சுரங்க ஊரில் டவுன்ஹில் பாதைகள் இருக்கின்றன.

ஆனால் ஒரு வித்தியாசத்தை மறக்கக் கூடாது. கயூனாவில் பாதை போவது இரும்புத் தாதுவுக்கு மேலே இருந்த மண்ணையும் கல்லையும் கொட்டிய மேடுகளில். சயனைடில் ஊறவைத்த மாவு மேட்டில் அல்ல. டெர்பியின் பாதைகள் காட்டுக்குள் போகின்றன. இந்த ஊர்களில் எல்லாம் நில உரிமையாளரின் அனுமதியோடு, திட்டம் போட்டுப் பாதை அமைத்தார்கள்.

கேஜிஎஃப்-க்கும் அந்த வழி மூடிவிடவில்லை. மேடுகளில் தங்கம் எடுக்கும் பணி தொடங்கினால், வேலை முடிந்த நிலத்தை எப்படி மூடுவது, எதற்குப் பயன்படுத்துவது என்பதும் திட்டத்தில் வர வேண்டும். சுத்தமான மண் போட்டு மூடி, மரம் நட்டு, காற்றிலும் மண்ணிலும் சோதனை செய்து பாதுகாப்பு உறுதியான பிறகு அங்கே ஒரு பாதை கேட்பது நியாயமான கோரிக்கை. பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால் உள்ளூர் விளையாட்டு அணிகளும் அதில் பேசலாம். அதுவரை மேட்டை ஏரிக்கரைப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, செம்மண் பக்கம் திரும்பி மிதிப்பதுதான் நுரையீரலுக்கு நல்லது.