விண்வெளிப் போர் விளையாட்டுகள் மீளுமா? ஒரு வகைமையின் எழுச்சியும் தேய்வும்

(சற்றே நீண்ட பதிவு. விளையாட்டு ஆய்வு, ஊடக வரலாறு பயிலும் மாணவர்களை மனத்தில் கொண்டு எழுதியது.)

கணினி விளையாட்டுகளின் வரலாற்றைப் பற்றி மாணவர்களோடு உரையாடும்போதெல்லாம் ஒரு வினா தவறாமல் எழுகிறது. ஒற்றை இருக்கைப் போர்க்கலத்தில் விமானியாக அமர்ந்து, எதிரிக் கலங்களைத் துரத்திச் சுடும் விண்வெளிப் போர் விளையாட்டு 1990களில் முதன்மையான வகைமைகளுள் ஒன்றாக விளங்கியது. பத்தே ஆண்டுகளில் அது ஏன் ஒடுங்கியது? மீண்டும் மக்களிடையே செல்வாக்குப் பெறுமா? இரண்டாவது வினாவிற்கு ரசிகர்கள் ஆசையின் வழியாகவும் வணிகர்கள் கணக்கின் வழியாகவும் விடை கூறுகின்றனர். வரலாற்று மாணவரோ முதல் வினாவிற்கு விடை காணாமல் இரண்டாவதைத் தொட இயலாது. ஆகவே தொடக்கத்திலிருந்தே பார்ப்போம்.

1. வெறுமையின் வசதி

1962இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீவ் ரஸ்ஸலும் அவருடைய நண்பர்களும் பிடிபி-1 என்னும் கணினிக்காக ‘ஸ்பேஸ்வார்’ என்ற விளையாட்டை உருவாக்கினர். நடுவில் ஒரு விண்மீன். அதன் ஈர்ப்பு விசைக்கு உட்பட்டு நகரும் இரு கலங்கள். ஒன்றையொன்று சுட வேண்டும். கணினி விளையாட்டு வரலாற்றின் தொடக்கப் படைப்புகளுள் ஒன்று விண்வெளியைக் களமாகக் கொண்டது தற்செயலன்று. விண்வெளிக் காலத்தின் ஆர்வம் ஒரு காரணம். மற்றொரு காரணம் நடைமுறை சார்ந்தது: விண்வெளியில் வரைவதற்கு ஏதுமில்லை. கறுப்புத் திரை, சில புள்ளிகள், சில கோடுகள் போதும். ஒரு தெருவையோ காட்டையோ காட்ட இயலாத கணினி, ஒரு பேரண்டத்தைக் காட்டிவிடும்.

இந்த வசதியின் உச்சம் 1984இல் வெளியான ‘எலைட்’. கேம்பிரிட்ஜ் மாணவர்களாகிய டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் 32 கிலோபைட் நினைவகமே கொண்ட பிபிசி மைக்ரோ கணினிக்காக இதனை எழுதினர். எட்டு விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கோள்கள். அவற்றைச் சேமித்துவைக்க இடமில்லாததால், கணித விதியொன்றின் மூலம் தேவைப்படும் பொழுது உருவாக்கிக்கொள்ளும் முறையைக் கையாண்டனர். வணிகம், கொள்ளை, போர் ஆகிய மூன்றும் ஒரே விளையாட்டில் இணைந்தன.

இங்கே ஒரு முரணைக் குறிப்பிட வேண்டும். ‘ஸ்பேஸ்வார்’ நியூட்டனின் இயக்க விதிகளைப் பின்பற்றியது. பிற்காலத்தில் புகழ்பெற்ற விளையாட்டுகள் பெரும்பாலும் அவ்விதிகளைக் கைவிட்டன. காரணம் திரைப்படம். 1977இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் வான்போர்க் காட்சிகளை அமைப்பதற்கு ஜார்ஜ் லூகாஸ் இரண்டாம் உலகப்போர் கால வான்போர்ப் படத்துண்டுகளை மாதிரியாகப் பயன்படுத்தினார். காற்றில்லாத வெளியில் கலங்கள் காற்றில் சாய்ந்து திரும்பும் விமானங்களைப் போலத் திரும்பின. அடுத்த தலைமுறை விளையாட்டுகள் இயற்பியலைவிட இந்தத் திரைமொழியையே பின்பற்றின. நாம் விண்வெளிப் போர் என்று ரசித்தது பெரும்பாலும் 1940களின் வான்போரைத்தான்.

2. பொற்காலம்: 1990 முதல் 1999 வரை

1990இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆரிஜின் நிறுவனம் கிறிஸ் ராபர்ட்ஸ் வடிவமைத்த ‘விங் கமாண்டர்’ விளையாட்டை வெளியிட்டது. விமானந்தாங்கிக் கப்பலைப் போன்ற தாய்க்கலம், அதில் விமானிகள் தங்குமிடம், போருக்கு முந்தைய விளக்கக்கூட்டம், கில்ராத்தி என்னும் பகைவர் என அனைத்தும் பசிபிக் போரின் நினைவைச் சுமந்தவை. இதன் சிறப்பு தோல்வியைக் கையாண்ட முறையில் இருந்தது. ஒரு களப்பணியில் தோற்றால் விளையாட்டு முடிந்துவிடாது. கதை வேறு பாதையில், தோற்கும் பக்கத்தின் பாதையில், தொடரும்.

1993இல் லூகாஸ்ஆர்ட்ஸ் வெளியிட்ட ‘எக்ஸ்-விங்’, 1994இல் வந்த ‘டை ஃபைட்டர்’ ஆகிய இரண்டும் லாரன்ஸ் ஹாலண்டின் தலைமையில் உருவானவை. அவர் முன்னரே இரண்டாம் உலகப்போர் வான்போர் விளையாட்டுகளை வடிவமைத்திருந்தார் என்பது மேற்சொன்ன மரபுத் தொடர்ச்சிக்குச் சான்று. இயந்திரம், காப்புத்திரை, ஆயுதம் ஆகிய மூன்றுக்கும் ஆற்றலைப் பகிர்ந்தளிக்கும் பொறுப்பு விளையாடுபவரிடம் விடப்பட்டது. வேகம் வேண்டுமெனில் காப்பை இழக்க வேண்டும். ‘டை ஃபைட்டர்’ இன்னும் ஒரு படி சென்று, விளையாடுபவரைப் பேரரசின் பக்கம் நிறுத்தி, அடக்குமுறை ஆட்சியின் ஒழுங்கான ஊழியனாக்கியது. கருத்தியல் நோக்கில் இன்றும் கற்பிக்கத் தக்க படைப்பு அது.

1998இலும் 1999இலும் வெளியான ‘ஃப்ரீஸ்பேஸ்’ இரு பாகங்களும் இவ்வகைமையின் முதிர்ச்சியைக் காட்டின. பெருங்கலங்களின் பேருருவுக்கு முன் தனி விமானியின் சிறுமையை இரண்டாம் பாகம் உணர்த்தியதுபோல் வேறெதுவும் உணர்த்தவில்லை. விமர்சகர்கள் போற்றினர். விற்பனை ஏமாற்றமளித்தது. அதே 1999இல் வந்த ‘எக்ஸ்-விங் அலையன்ஸ்’ அந்த வரிசையின் இறுதிப் படைப்பாயிற்று.

3. வீழ்ச்சிக்குக் கூறப்படும் காரணங்கள்

முதலாவதாகக் கூறப்படுவது ஜாய்ஸ்டிக்கின் மறைவு. ஜாய்ஸ்டிக் வீடுகளிலிருந்து விலகியதால் விளையாட்டும் விலகியது என்பது வாதம். இதில் ஓரளவே உண்மை உள்ளது. 2003இல் வெளியான ‘ஃப்ரீலான்சர்’ சுட்டியைக் கொண்டே விளையாடும் வகையில் அமைக்கப்பட்டது. ஆயினும் வகைமையின் சரிவு நிற்கவில்லை. இந்திய அனுபவமும் இவ்வாதத்தை ஐயுறச் செய்கிறது. ஹைதராபாத்தில் முதுகலை பயின்ற காலத்தில், கணினி இதழ்களோடு வரும் குறுவட்டுகளில் இருந்த மாதிரிப் பதிப்புகளை விடுதியின் ஒரே கணினியில் முறைவைத்து விளையாடினோம். ஜாய்ஸ்டிக்கை நாங்கள் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் மட்டுமே கண்டதுண்டு. விசைப்பலகையிலேயே பறந்தோம், ஆர்வம் குன்றவில்லை. ஜாய்ஸ்டிக்கின் மறைவு வீழ்ச்சியின் காரணமாக இருந்த அளவுக்கு அதன் விளைவாகவும் இருந்தது.

இரண்டாவது செலவு. 1994இல் வந்த ‘விங் கமாண்டர் 3’ மார்க் ஹாமில் உள்ளிட்ட நடிகர்களைக் கொண்டு படமெடுத்த காட்சிகளைச் சேர்த்தது. ஏறத்தாழ 40 லட்சம் டாலர் செலவாயிற்று. அடுத்த பாகத்தின் செலவு 1 கோடியே 20 லட்சம் டாலர் எனப்படுகிறது. செலவு மும்மடங்காக, விளையாடுவோர் எண்ணிக்கை அவ்வாறு பெருகவில்லை. பெருகிய செலவு விளையாட்டின் உள்ளே செல்லாமல் களப்பணிகளுக்கு இடைப்பட்ட திரைக்காட்சிகளுக்கே சென்றது என்பதும் கவனத்திற்குரியது.

மூன்றாவது காரணமே எனக்கு முதன்மையாகப் படுகிறது. 1996க்குப் பின் வரைகலை முடுக்கி அட்டைகள் பரவின. ‘குவேக்’, ‘ஹாஃப்-லைஃப்’ போன்றவை அறைகளையும் தாழ்வாரங்களையும் மனிதர்களையும் நம்பத்தக்க வகையில் காட்டின. வெறுமையை மலிவாக வரைய முடிந்தது என்ற பழைய அனுகூலம் ஒரே தலைமுறையில் குறையாக மாறிற்று. வரைவதற்கு ஏதுமில்லாத வெளி, இப்போது பார்ப்பதற்கு ஏதுமில்லாத வெளியாயிற்று. மேலும், 1998இல் வந்த ‘ஹாஃப்-லைஃப்’ விளையாடுபவரின் பார்வையிலிருந்து விலகாமலே கதை சொன்னது. விளக்கக்கூட்டத்தில் கதையும் விண்வெளியில் போரும் என இரண்டாகப் பிரிந்திருந்த பழைய அமைப்பு அதன் முன் பழமைப்பட்டுப் போயிற்று. இணையவழிப் போட்டியின் வளர்ச்சியும் சேர்ந்துகொண்டது. 1997இன் ‘எக்ஸ்-விங் வெர்சஸ் டை ஃபைட்டர்’ பலர் கூடி விளையாடுவதை முதன்மைப்படுத்தியபோது, கதை எங்கே என்று பழைய ரசிகர்கள் கேட்டனர். பின்னர் வந்த இணைப்புப் பதிப்பில்தான் கதைத்தொடர் சேர்க்கப்பட்டது.

விண்வெளி என்னும் கருப்பொருள் எக்காலத்தும் செல்வாக்கிழக்கவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ‘ஹேலோ’, ‘மாஸ் எஃபெக்ட்’ ஆகியவை வெற்றி பெற்றன. விமானி இருக்கைப் போர் 2005இன் ‘பேட்டில்ஃபிரண்ட் 2’, 2016இன் ‘கால் ஆஃப் டியூட்டி: இன்ஃபினிட் வார்ஃபேர்’, 2023இன் ‘ஸ்டார்ஃபீல்டு’ ஆகியவற்றுக்குள் ஓர் உறுப்பாகப் புகுந்தது. முழுமையான உணவாக இருந்தது பிறர் சமையலில் ஒரு சுவைப்பொருளாயிற்று.

4. மீட்சி முயற்சிகள்

2012இன் இறுதியில் இரு பழைய பெயர்கள் ஒருசேரத் திரும்பின. பிரேபனின் ‘எலைட்: டேஞ்சரஸ்’ மக்களிடம் நேரடியாக 15 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டி, 2014 டிசம்பரில் வெளியானது. ராபர்ட்ஸின் ‘ஸ்டார் சிட்டிசன்’ அதே முறையில் தொடங்கி, 2024இல் 70 கோடி டாலரைத் தாண்டிய நிதியைத் திரட்டியிருந்தது. ஆயினும் அப்போதும் அது முழுமையடையாத சோதனைப் பதிப்பாகவே இருந்தது. விரும்புவோர் உள்ளனர் என்பதை இவ்விரண்டும் ஐயமின்றி நிறுவின. ஆனால் ஒரு சிலர் மிகுதியாகக் கொடுப்பதும் பலர் விரும்பி விளையாடுவதும் வேறுவேறு. நிதித்தொகையைச் செல்வாக்கின் அளவுகோலாகக் கொள்வது ஆய்வாளர் செய்யக்கூடாத பிழை.

2020 அக்டோபரில் வந்த ‘ஸ்டார் வார்ஸ்: ஸ்குவாட்ரன்ஸ்’ சரியான சோதனையாக அமைந்தது. பெருநிறுவன வெளியீடு, உலகறிந்த பெயர், 40 டாலர் என்னும் மிதமான விலை, மெய்நிகர் தலைக்கவச வசதி, கதைப்பகுதி, ஐவர்க்கு ஐவர் மோதும் இணையப்பகுதி. ஆற்றல் பகிர்வு என்னும் பழைய கலையும் திரும்பியது. நல்ல வரவேற்பும் கிடைத்தது. ஆனால் அது தொடர்ந்து வளரும் படைப்பாகத் திட்டமிடப்படவில்லை. தேர்ந்தவர்களின் வேகத்திற்கும் புதியவர்களின் தடுமாற்றத்திற்கும் இடையே இருந்த தொலைவும் பெரிது. தொடர்ச்சி எதுவும் வரவில்லை.

பேசப்படாத பாதை வேறொன்று. ஹாம்பர்க் நகரின் ஃபிஷ்லாப்ஸ் நிறுவனம் ‘கேலக்ஸி ஆன் ஃபயர்’ வரிசையைக் கைப்பேசிக்காக உருவாக்கியது. அதன் நிறுவனர்கள் பின்னர் ராக்ஃபிஷ் என்னும் சிறு நிறுவனத்தைத் தொடங்கி, 2017இல் ‘எவர்ஸ்பேஸ்’, 2023இல் அதன் இரண்டாம் பாகம் ஆகியவற்றை முடித்து வெளியிட்டனர். கணினியில் வகைமை ஒடுங்கிய ஆண்டுகளில் அதன் ஒரு கிளை கைப்பேசியில் பிழைத்திருந்து மீண்டும் கணினிக்குத் திரும்பியிருக்கிறது.

5. ஒப்பீடும் முடிவும்

மறைந்ததாகக் கருதப்பட்ட வகைமைகள் மீண்டதற்குச் சான்றுகள் உண்டு. மைக்ரோசாஃப்ட் தன் விமானப் பயிற்சி விளையாட்டை உருவாக்கிய பிரிவை 2009இல் மூடியது. 2020இல் அதே விளையாட்டு பெருவெற்றியோடு திரும்பியது. செயற்கைக்கோள் படங்களின் துணையால் ஒருவர் தம் ஊருக்கு மேலேயே பறக்க முடிந்தது. பறத்தலில் ஆர்வமற்றவரும் தம் வீட்டைத் தேட ஆர்வம் கொண்டனர். ‘பால்டர்ஸ் கேட் 3’ 2023இல் பெற்ற வெற்றிக்குப் பின்னே, அதே லாரியன் நிறுவனம் கூட்டுநிதியின் துணையோடு 2014இலும் 2017இலும் முடித்து வெளியிட்ட இரு நடுத்தரப் படைப்புகள் இருந்தன. ஒவ்வொன்றும் அடுத்ததற்கான வாசகரை உருவாக்கியது.

இவற்றிலிருந்து இரு பாடங்கள் கிடைக்கின்றன. ஒன்று, பழைய ரசிகரின் ஏக்கம் மட்டும் ஒரு வகைமையை மீட்காது; புதியவர் நுழைவதற்கு வேறொரு வாயில் வேண்டும். மற்றொன்று, முடிக்கப்பட்ட நடுத்தரப் படைப்புகளின் தொடர்ச்சி, முடிவுறாத பெருங்கனவைவிட வலிமையானது. ஆகவே என் கணிப்பு இதுவே: 1994இன் மைய இடத்தை இவ்வகைமை மீண்டும் பெறாது, அந்த இடத்தை அளித்த தொழில்நுட்ப வரம்பு மறைந்துவிட்டது. ஆனால் நிலையான இரண்டாம் நிலைச் செல்வாக்கை அது பெற முடியும். அதனை ஒரே பெரும்படைப்பு ஈட்டித் தராது. சிறு நிறுவனங்கள் அடுத்தடுத்து முடித்து வெளியிடும் படைப்புகளே ஈட்டித் தரும்.

இறுதியாக, மாணவர்களுக்கு ஒரு செய்தி. 2002இல் ‘ஃப்ரீஸ்பேஸ் 2’ விளையாட்டின் மூலநிரல் வெளியிடப்பட்டது. அன்றுமுதல் ஊதியம் பெறாத ஆர்வலர்கள் அதனைச் செப்பனிட்டு, புதிய கணினிகளில் இயங்கச் செய்து, அதன்மீது புதிய கதைகளையும் எழுதி வருகின்றனர். 2013இல் அதன் உரிமை ஒரு திவால் நடவடிக்கையில் 7,500 டாலருக்குக் கைமாறியது. சந்தை அவ்வளவே மதிப்பிட்ட ஒரு படைப்பை வாசகர் சமூகம் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உயிரோடு வைத்திருக்கிறது. ஏட்டுச்சுவடிகளைப் படியெடுத்துக் காத்த மரபை அறிந்த நமக்கு இச்செயலின் பொருள் எளிதில் விளங்கும். ஒரு வகைமை மீள வேண்டுமானால் அதன் பழைய நூல்கள் படிக்கக் கிடைக்க வேண்டும். நம் பல்கலைக்கழக நூலகங்களில் பழைய கணினி இதழ்களும் அவற்றின் குறுவட்டுகளும் கழிவாக ஒதுக்கப்படும் இவ்வேளையில், இந்திய விளையாட்டு வரலாற்றின் முதன்மைச் சான்றுகள் நம் கண்முன்னே அழிகின்றன. உங்கள் துறை நூலகத்தில் அத்தகைய பெட்டி ஏதேனும் இருப்பின், எடைக்குப் போகுமுன் ஒரு பட்டியலாவது எடுத்து வையுங்கள்.

மாற்றுக் கருத்துடையோர், குறிப்பாக ஜாய்ஸ்டிக் வாதத்தில் உடன்படாதோர், சான்றுகளுடன் எழுதுக. திருத்திக்கொள்ள ஆயத்தமாக உள்ளேன்.